சீட்டு நம் கையில், கப்பல் யார் கையில்?

எங்கள் மெர்கோங்கிலிருந்து கடல் தூரமில்லை. அலோர்ஸ்டார் பட்டணத்தை ஒட்டிய ஊர் இது. ஒரு பக்கம் தொழிற்பேட்டை; கொஞ்சம் தள்ளிப் போனால் பச்சைப் பசேலென்று நெல்வயல். கோலக்கெடா படகுத்துறைக்குப் பத்து மைல்கூட இராது. இருந்தும், கடலைக் கண்ணால் பார்த்தே இருபது வருடமாகிறது என்று சொல்கிறவர்கள் எங்களுக்குள் நிறைய இருக்கிறார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது தோட்டத்தை விட்டு வந்து இங்கே தொழிற்சாலை வேலைக்குப் போகும் குடும்பங்கள் சில. இன்னும் தோட்டத்திலேயே லயத்து வீட்டில் இருக்கும் அவர்களுடைய சொந்தபந்தங்கள் சில. இவர்களுக்குக் கடல் என்பது பக்கத்து வீட்டுக் கல்யாணம் மாதிரி. சத்தம் கேட்கும், உள்ளே போக ஒரு அழைப்பு வேண்டும்.

அந்த அழைப்பை ஒரு பாட்டிதான் கொடுத்தார். என்னிடம் படிக்கும் பிள்ளை ஒன்றின் கொள்ளுப்பாட்டி அவர். 1956இல், ஒன்பது வயதில், நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர். அதற்குப் பிறகு பால்வெட்டு, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று காலம் போய்விட்டது. ஒரு நாள் பள்ளி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அப்ப கீழ்த்தட்டுல கெடந்து வந்தோம் டீச்சர். கடல் எங்க தெரிஞ்சுது? வாந்திதான் தெரிஞ்சுது. ஒரு தடவ மேல உக்காந்து பாக்கணும்” என்றார்.

இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? மாதாமாதம் வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதிப் பணம் சேர்த்தோம். ஒன்பது மாதத்தில் இருபத்தாறு பேருக்கு லங்காவி போய்வரக் காசு தேறியது. பெரியவர்கள் பத்தொன்பது, பிள்ளைகள் ஏழு. லங்காவியில் மாலை நேரத்தில் கடலைச் சுற்றிக் காட்டி, சாப்பாடும் போட்டு, சூரியன் மறைந்த பிறகு கரை சேர்க்கும் உல்லாசப் படகுகள் உண்டு. அதில் ஒன்றில் ஆளுக்கு ஒரு சீட்டு எடுத்தோம். பெரியவருக்குத் தொண்ணூறு வெள்ளி, பிள்ளைக்கு ஐம்பது. மொத்தம் இரண்டாயிரத்து அறுபது. முன்பணம் ஆயிரம் கட்டியாயிற்று. கெடாவில் வெள்ளியும் சனியும்தானே வார விடுமுறை! வெள்ளி மாலை படகு, இரவு தங்கல், சனி மாலை வீடு என்று கணக்குப் போட்டோம். தொழிற்சாலையில் ஷிப்ட் மாற்றியவர்கள் நான்கு பேர். தோட்டத்தில் சம்பளமில்லா விடுப்பு கேட்டு வாங்கியவர்கள் மூன்று பேர். இந்த விடுப்பு விஷயத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அதுதான் பெரிய விஷயமாயிற்று.

புறப்பட மூன்று வாரம் இருக்கும்போது படகு நிறுவனத்திலிருந்து போன். பேசியவர் ஒரு மலாய்த் தம்பி, நம் வடக்கத்திப் பேச்சுக்காரர். “சிக்கு, ஒரு கம்பெனிக்காரர்கள் அன்றைக்குப் படகு முழுவதையும் எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறார்கள். இன்னும் முடிவாகவில்லை. எதற்கும் சொல்லி வைக்கிறேன்” என்றார்.

எடுக்கலாம். முடிவாகவில்லை. எதற்கும். இந்த மூன்று வார்த்தைகளை இருபத்தாறு பேரிடம் எப்படிப் போய்ச் சொல்வது? முன்பே எடுத்த ஃபெரி சீட்டை என்ன செய்வது? அறைக்குக் கட்டிய பணம்? பாட்டியோ பெட்டியில் புடவை எடுத்து வைத்துவிட்டார்.

கோபம் ஆறிய பிறகு, அந்தத் தம்பியையே மறுபடி கூப்பிட்டு விளக்கம் கேட்டேன். அவர் ஒளிக்காமல் சொன்னார். அதையும் நானாகப் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

சீட்டு வாங்குகிறவன் ஓர் இருக்கையை வாங்குகிறான். முழுப் படகை வாடகைக்கு எடுக்கிறவன் அந்த நேரத்தையே வாங்கிவிடுகிறான். படகுக்காரருக்கு எண்ணெய்ச் செலவு, ஆட்கூலி, துறைக் கட்டணம் எல்லாம் பத்துப் பேர் வந்தாலும் ஒன்றுதான், நாற்பது பேர் வந்தாலும் ஒன்றுதான். தனித்தனிச் சீட்டு விற்றால் படகு நிறையுமா நிறையாதா என்ற கவலை கடைசி நாள்வரை இருக்கும். மழை வந்தால் பாதிப் பேர் வரமாட்டார்கள். முழு வாடகை என்றால் ஒரே ஆள், ஒரே தொகை, ஒரே கையெழுத்து. யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் வாடகைக்கு எடுக்கிறவனும் உடனே பணத்தைக் கொட்டிவிட மாட்டான். “இன்ன தேதிவரை எங்களுக்காகப் பிடித்து வையுங்கள், அதற்குள் சொல்கிறோம்” என்பான். அந்தப் பிடித்து வைக்கும் காலத்தில் படகுக்காரர் புதிய சீட்டு விற்பதை நிறுத்திவிடுவார். மற்ற நாட்களுக்கெல்லாம் சீட்டு கிடைக்கிறது, ஒரு நாளுக்கு மட்டும் திடீரென்று இல்லை என்கிறார்கள் என்றால், பெரும்பாலும் சங்கதி இதுதான். முன்பே சீட்டு எடுத்த நம்மைப் போன்றவர்கள்தான் நடுவில் தொங்குகிறோம்.

சின்னப் படகில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். ஆயிரக்கணக்கானோர் போகும் உல்லாசக் கப்பல்களிலும் இதே கதைதான். சீட்டோடு வரும் பொடி எழுத்து நிபந்தனைகளில், கப்பல் முழுவதும் வாடகைக்குப் போனால் உங்கள் பயணத்தை ரத்துச் செய்யும் உரிமை எங்களுக்கு உண்டு என்று பல நிறுவனங்கள் எழுதி வைத்திருக்கின்றன. கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள், அல்லது வேறு தேதிக்கு மாற்றித் தருவார்கள். நீங்கள் தனியாக எடுத்த விமானச் சீட்டுக்கும் அறைக்கும் அவர்கள் பொறுப்பேற்பது அபூர்வம். 2005இல் அமெரிக்காவில் கத்ரினா புயல் அடித்தபோது, வீடிழந்தவர்களைத் தங்க வைக்க அந்நாட்டு அரசாங்கம் கார்னிவல் நிறுவனத்தின் மூன்று உல்லாசக் கப்பல்களை ஆறு மாதத்துக்கு வாடகைக்கு எடுத்தது. அவற்றில் இடம் பிடித்திருந்தவர்களுடைய பயணங்கள் ரத்தாயின. 2022இல் கத்தாரில் உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டி நடந்தபோது, ரசிகர்கள் தங்குவதற்காக உல்லாசக் கப்பல்கள் தோஹா துறைமுகத்தில் மிதக்கும் விடுதிகளாக நின்றன.

ஓர் ஆசிரியையாக என்னை மிகவும் உலுக்கியது 1982இல் நடந்த சம்பவம். நம் பாட்டியை ஏற்றி வந்த ‘ரஜூலா’ பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியுடையது. 1926இல் கட்டியது, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஓடி, நம் முன்னோர்களில் எத்தனையோ பேரைக் கொண்டுவந்து இறக்கியது. இரண்டாம் உலகப் போரின்போது அது துருப்புகளை ஏற்றப் போய்விட்டது. ஊருக்குப் போக நினைத்தவர்கள் இங்கேயும், இங்கே வர நினைத்தவர்கள் அங்கேயும் அகப்பட்டுக்கொண்ட காலம் அது. ‘ரஜூலா’ 1974இல் உடைக்கப்பட்டது. அதே கம்பெனிக்கு ‘உகாண்டா’ என்று இன்னொரு கப்பல் இருந்தது, 1952இல் கட்டியது. பிற்காலத்தில் அதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கான கல்விச் சுற்றுலாக் கப்பலாக மாற்றினார்கள். வகுப்பறைகளும் பிள்ளைகள் படுக்கக் கூடங்களும் அதில் உண்டு. 1982 ஏப்ரலில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளோடு மத்தியதரைக் கடலில் அது போய்க்கொண்டிருந்தது. ஃபாக்லாந்து தீவுகளுக்காக பிரிட்டனுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போர் மூண்டுவிட்டது. கப்பல் வேண்டும் என்றது பிரிட்டிஷ் அரசாங்கம். பயணத்தைப் பாதியில் நிறுத்தி, பிள்ளைகளை இத்தாலியின் நேப்பிள்ஸ் துறைமுகத்தில் இறக்கினார்கள். ஜிப்ரால்டரில் அந்தக் கப்பல் சில நாட்களிலேயே மருத்துவமனைக் கப்பலாக மாறித் தெற்கே போனது. இரு தரப்புக் காயக்காரர்களுக்கும் அதில் சிகிச்சை நடந்தது. போர் முடிந்து திரும்பிய பிறகு கொஞ்ச காலம்தான் பிள்ளைகளை ஏற்றியது. 1983இல் ஃபாக்லாந்துக்கு ஆட்களைக் கொண்டுபோக அரசாங்கமே அதை வாடகைக்கு எடுத்துக்கொண்டது. அதோடு அதன் பள்ளிச் சுற்றுலா முடிந்தது.

போருக்குக் கப்பலை எடுப்பதும் விருந்துக்குப் படகை எடுப்பதும் ஒன்றாகுமா என்று நீங்கள் கேட்கலாம். ஆகாதுதான். முன்னதற்கு அரசாங்க ஆணை, மறுக்க முடியாது. பின்னதில் படகுக்காரர் தாமாக, கூடுதல் காசுக்காகச் சம்மதிக்கிறார். அதனால்தான் பின்னதில் நாம் கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் அந்த நேப்பிள்ஸ் துறையில் மூட்டையோடு இறங்கி நின்ற பிள்ளையின் முகம் இரண்டுக்கும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது.

முழுப் படகையும் எடுக்கிறவர்களுக்கும் ஆபத்து இல்லாமலில்லை. 1902இல் இங்கிலாந்தில் ஏழாம் எட்வர்ட் மன்னருக்கு முடிசூட்டு விழா. அதையொட்டி ஸ்பிட்ஹெட் கடலில் கடற்படை அணிவகுப்பு. அதைக் காட்டிக் காசு பார்க்கலாம் என்று ஹட்டன் என்பவர் ஒரு நீராவிப் படகை இரண்டு நாளைக்கு 250 பவுனுக்குப் பேசி, 50 பவுன் முன்பணமும் கொடுத்துவிட்டார். மன்னருக்குத் திடீரென்று அறுவைச் சிகிச்சை, அணிவகுப்பு ரத்து. மீதிப் பணம் தரமாட்டேன் என்றார் ஹட்டன். 1903இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. மன்னர் வராவிட்டால் என்ன? கடற்படைக் கப்பல்கள் அங்கேதானே நிற்கின்றன, படகில் சுற்றிப் பார்த்திருக்கலாமே என்பது நியாயாதிபதிகளின் வாதம். சட்டம் படிக்கிறவர்கள் இன்றும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள். மழை வந்தாலும் மாப்பிள்ளை ஓடிப்போனாலும் வாடகை வாடகைதான் என்பதை, கோயில் திருவிழாவுக்குப் பேருந்து பேசுகிற நம் தலைவர்மார்களும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

சரி, நான் அந்தத் தம்பியிடம் கேட்டது இதுதான். எந்தத் தேதிக்குள் முடிவு சொல்வீர்கள்? முழு வாடகைக்குப் போய்விட்டால் எங்கள் ஆயிரம் வெள்ளி எத்தனை நாளில் கைக்கு வரும்? வேறு படகு ஏற்பாடு செய்து தருவீர்களா? பதிலை வாயால் சொல்ல வேண்டாம், எழுத்தில் அனுப்புங்கள் என்றேன். ஃபெரி சீட்டும் அறையும் முன்பே எடுத்தாகிவிட்டது என்பதையும் எழுதி அனுப்பினேன். பணம் கட்டிய அன்றே அதைச் சொல்லியிருக்க வேண்டும். நம் நாட்டு 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, ஒப்பந்தத்தை மீறியவரிடம் இழப்பீடு கேட்கும்போது, இன்ன நஷ்டம் வரும் என்று ஒப்பந்தம் செய்யும்போதே இருவருக்கும் தெரிந்திருந்ததா என்பது முக்கியம். எனக்கு இது காலம் கடந்துதான் தெரிந்தது. நீங்களாவது முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பணம் திரும்பி வராமல் இழுத்தடித்தால் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம் இருக்கிறது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வந்தது. 50,000 வெள்ளிவரை அங்கே கோரலாம். மனுவுக்குக் கட்டணம் 5 வெள்ளி. மூன்று ஆண்டுகளுக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. ரசீதையும் வந்த கடிதங்களையும் பத்திரமாக வைத்திருந்தால் போதும். ரசீதைச் சட்டைப் பையோடு துவைத்துவிடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு, கோபித்துக்கொள்ளாதீர்கள்!

எங்களுக்குத் தீர்ப்பாயம் தேவைப்படவில்லை. பத்தாவது நாள் முடிவு வந்தது. கம்பெனிக்காரர்கள் படகை எடுத்துக்கொண்டார்கள். நான்கு நாளில் ஆயிரம் வெள்ளியும் வந்து சேர்ந்தது. வேண்டுமானால் அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். அடுத்த வாரம்! மாற்றிய ஷிப்டை மறுபடி யார் மாற்றுவது? சம்பளமில்லா விடுப்பை இரண்டாம் முறை கேட்டால் தோட்டத்தில் என்ன பதில் வரும்? காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம், கணக்கு நேராகிவிட்டது என்று அவர்கள் நினைத்தார்கள். நாள் திரும்பி வரவில்லையே. நாள் கூலிக்காரனுக்கு நாளும் காசுதான் என்பது குளிர் அறையில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறவர்களுக்கு எளிதில் விளங்குவதில்லை.

பாட்டியிடம் சொல்ல நான் போகவில்லை. கோழைத்தனம்தான். மகனிடம் சொல்லியனுப்பினேன். “போவுது விடு, கடல் எங்க ஓடிரப் போவுது” என்றாராம். ஆனால் எடுத்து வைத்த புடவையைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டார் என்று பேத்தி வந்து சொன்னபோது எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அன்றிரவு தொழிற்சாலையில் வேலை செய்யும் அண்ணன் ஒருவர்தான் வழி சொன்னார். “டீச்சர், அவங்க முழுப் படகு எடுத்தா நாம ஏன் எடுக்கக் கூடாது?” உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். சாப்பாடு போடும் பெரிய படகு வேண்டாம். தீவுகளைச் சுற்றிக் காட்டும் மரப்படகு போதும். சாப்பாடு நாமே கட்டிக்கொள்ளலாம். நாலைந்து இடத்தில் விசாரித்ததில், முப்பது பேர் ஏறும் ஒரு படகு, மேலே சின்னத் தட்டுள்ளது, சனிக்கிழமை காலை நான்கு மணி நேரத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி என்றார்கள். உரிமம் இருக்கிறதா, எத்தனை பேருக்கு அனுமதி, பிள்ளைகளுக்கேற்ற மிதவைச் சட்டை உண்டா என்று கேட்டுக்கொண்டோம். இரண்டாயிரத்து அறுபது கொடுக்கவிருந்த இடத்தில் ஆயிரத்து ஐந்நூறு! எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் படகுக்காரர் வாய்தவறி ஒன்று சொன்னார். “அன்றைக்கு இரண்டே சீட்டுதான் விற்றிருக்கிறேன். அவர்களை வேறு நாளுக்குத் தள்ளிவிடுகிறேன், நீங்கள் கவலைப்பட வேண்டாம்.”

நான் பேசாமல் இருந்தேன். போனை வைத்த பிறகு எல்லாரையும் கூட்டிச் சொன்னேன். “காசு குடுக்கிறது நாம. படகு நம்முது. அவங்கள எதுக்கு ஏத்தணும்?” என்று கேட்டார் ஒருவர். அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. போன வாரம்வரை அந்தக் கம்பெனிக்காரர்களை இதே மனிதர் திட்டித் தீர்த்தார் என்பதை நான் எடுத்துச் சொல்லவும் இல்லை. அவருடைய மனைவிதான் சொன்னார்: “முப்பது பேர் ஏறலாம்னாங்களே, நாம இருபத்தாறுதானே?” அதோடு பேச்சு முடிந்தது. அந்த இருவரும் கொடுத்த சீட்டுக் காசை எங்கள் வாடகையில் கழித்துக்கொள்ளும்படி படகுக்காரரிடம் சொன்னோம். கழித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் கோலக்கெடாவுக்குப் போனோம். ஆற்று முகத்தில் மீன்பிடிப் படகுகள் வரிசையாக நிற்கும். கருவாட்டு வாசனை வரவேற்கும். 1780இல் கட்டி முடித்த பழைய செங்கல் கோட்டை அங்கே இருக்கிறது. 1821இல் சயாம்காரர்கள் வந்து பிடித்த கோட்டை அது. பிள்ளைகளுக்கு அதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். எல்லாரும் நண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம் சோழமண்டலக் கரையிலிருந்து சூலியா வணிகர்கள் கெடாவுக்கு வந்து வாணிபம் செய்த கதையையும் பாதியிலேயே விட்டுவிட்டேன். ஃபெரியில் ஒன்றே முக்கால் மணி நேரம். கண்ணாடி மூடிய கூண்டுக்குள் குளிர்சாதனத்தில் நடுங்கிக்கொண்டு போவதால், பாட்டிக்கு இதுவும் ஒரு கீழ்த்தட்டுதான். குவாவில் இறங்கியதும் பெரிய கழுகுச் சிலை. லங்காவியைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? 1987 முதல் சுங்கவரி இல்லாத தீவு. பெண்கள் பாத்திரக் கடைக்குள்ளும் ஆண்கள் சாக்லேட் கடைக்குள்ளும் காணாமற்போனார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சனிக்கிழமை காலை படகுத்துறையில் அந்த இருவர் எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தார்கள். ஈப்போவிலிருந்து வந்த சீனத் தம்பதி. அறுபது வயதுக்கு மேலிருக்கும். தங்களை வேறு நாளுக்குத் தள்ளப் பார்த்தது அவர்களுக்குத் தெரியாது. நாங்களும் சொல்லவில்லை. இத்தனை பேரா என்று முதலில் மிரண்டார்கள். புளிச்சோற்றுப் பொட்டலம் பிரித்த பிறகு சரியாகிவிட்டார்கள்.

படகு தாயாங் புந்திங் தீவைப் பார்த்துத் திரும்பியது. இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் கல் மலைகள் தண்ணீருக்குள்ளிருந்தே எழும்பி நிற்கின்றன. மேல்தட்டுக்கு ஏறும் படி ஏணி மாதிரி செங்குத்து. பாட்டியை முன்னால் ஒருவர் இழுக்க, பின்னால் ஒருவர் தாங்க, ஏற்றிவிட்டோம். அந்தப் புடவைதான். சீனத்து அம்மா தம் பக்கத்தில் இடம் விட்டு, தலைசுற்றாமலிருக்க ஒரு உப்புப் புளிப்பு மிட்டாயை வாயில் போட்டுவிட்டார். இரண்டு பேருக்கும் பாசார் மலாய்தான். “முதல் தடவையா படகில்?” என்று அவர் கேட்க, “இல்ல, ரெண்டாந் தடவ” என்றார் பாட்டி.

திறந்த கடலுக்கு வந்ததும் காற்று வலுத்தது. படகோட்டி மேலே எட்டிப் பார்த்து, வயதானவர்கள் கீழே இறங்கிவிடலாம் என்றார். பேரன் கையை நீட்டினான். பாட்டி கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் சொன்னார்: “கீழ்த்தட்டு எனக்குத் தெரியும்டா. நீ போயி உக்காரு.”